டாக்டரம்மா மேசையில் நாலு எடைக்கல்

அண்ணே,

இன்றைக்குக் காலையில் பழைய இரும்பு வாங்குகிறவர் என் கடைப்பக்கம் வந்தார். எலக்ட்ரானிக் தராசு வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழைய கைத்தராசும் எடைக்கற்களும் வெங்காயச் சாக்குக்கு அடியில் சும்மா கிடந்தன. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர், ஒரு அரைக் கிலோ கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னக்கா, எடைக்கல்லுக்குச் சட்டை தச்சுப் போட்டிருக்கீங்க?"

நீல லைனிங் துணி. ஓரம் மடித்து, கையால் ஹெம்மிங் போட்டு, மேலே சுருக்கு நாடா வைத்துத் தைத்த சட்டை. கல்லுக்குக் குளிரும் என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தேன். கல்லை அவரிடம் கொடுத்துவிட்டுச் சட்டையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அதில் இன்னும் உங்கள் கடையின் தையல் மிஷின் எண்ணெய் வாசம் இருக்கிறது. அதற்கப்புறம் வந்தவர்களுக்கு நான் தக்காளி கொடுத்தேனா கத்தரிக்காய் கொடுத்தேனா என்று எனக்கே தெரியாது.

வருகிற ஆடியோடு நீங்கள் போய் இரண்டு வருஷம். இதை எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். "எழுதுங்க நாத்தனாரே, பேரு மட்டும் வேணாம்" என்றார். பேருக்கு நான் எங்கே போவேன்? எனக்கு நீங்கள் என்றைக்கும் அண்ணன்தான்.

நாம் பேச ஆரம்பித்தது திருச்சியில், எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிற இடத்தில். அந்த வரிசையில் யாரும் யாரையும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்கள். கொரோனா போன பிறகும் அங்கே மாஸ்க் போகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவது என்பது எனக்குத் தண்டனை. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் என் ரவிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆள் சரியில்லை என்று நான் முறைக்கப் போகும் நேரத்தில், கை கோணலாக இருக்கிறது, எந்த மகராசன் தைத்தது என்று மெதுவாகக் கேட்டீர்கள். உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"அம்மா மண்டபம் ரோட்டுல ஒரு டெய்லர். நீங்கதான்" என்றேன்.

மாஸ்க்குக்கு மேலே உங்கள் கண் பிதுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ரவிக்கை மாட்டிக்கொண்டதற்கா, ஆள் மாட்டிக்கொண்டதற்கா என்று தெரியவில்லை. அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். திரும்பும்போது ஸ்ரீரங்கம் வரைக்கும் ஒரே பஸ். உங்கள் கதையை நீங்களும் என் கதையை நானும் காவிரிப் பாலம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டோம். அதிலிருந்து மாதா மாதம் சேர்ந்தேதான் போனோம்.

எனக்கு மாத்திரை நன்றாகப் பிடித்துக்கொண்டது. இரண்டே வருஷத்தில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். உங்களுக்கு அப்படி இல்லை. நீங்கள் நோயை வெகுகாலம் மறைத்து வைத்துக்கொண்டு, படுத்த பிறகுதான் மாத்திரைக்கு வந்தீர்கள். மாத்திரை கிருமியை அடக்கிவிட்டது, ஆனால் உடம்பு எழுந்திருக்கவில்லை. எதிர்ப்புச் சக்தி அணுக்களின் கணக்கு கீழேயே கிடந்தது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. நீங்கள் உங்கள் சட்டைகளையே மாதம் ஒரு தடவை பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவர் மெலிந்தால் தெருவே கவனிக்கும் என்று உள்ளே இரண்டு பனியன் வேறு. சித்திரை வெயிலில் இரண்டு பனியன் போட்ட ஒரே மனிதர் நீங்கள்தான் என்று நான் கிண்டல் செய்வேன். நீங்களும் சிரிப்பீர்கள். ஏன் இப்படி மெலிகிறீர்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

அப்போதுதான் டவுனில் அந்த டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தோம். நீ வாயாடி, நீ கேள், நான் தலையாட்டுகிறேன் என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அவர் பெப்டைடு ஊசி என்று ஒன்றைச் சொன்னார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எனக்கு விளங்கிய அளவில்தான் எழுதுகிறேன். இந்தக் கிருமி எதிர்ப்பு அணுக்களை மட்டும் அழிப்பதில்லையாம், குடலின் உள்பக்கத்தையும் கெடுத்துவிடுமாம். அதனால்தான் தின்ற சத்து ரத்தத்தில் சேராமல் போகிறது. புரதம் என்பது நீளமான மணிமாலை என்றால், பெப்டைடு அதில் கொஞ்சம் மணிகள் மட்டும் கோத்த சின்னத் துண்டு. அந்தத் துண்டைத் தோலுக்கடியில் போட்டால், மந்தமாகிவிட்ட அணுக்களுக்கு வேலைக்கு வரச்சொல்லித் தகவல் போகலாம் என்றார். போகும் என்று சொல்லவில்லை, போகலாம் என்றுதான் சொன்னார்.

நீங்கள் யோசித்துவிட்டு, "அப்ப முழுத்துணி இல்ல. பிட்டுத்துணி" என்றீர்கள்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நமக்குள் அதன் பேர் பிட்டுத்துணி ஊசி.

ஆனால் அவர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது, இது அதற்குப் பதில் இல்லை. எல்லாருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாது. மூன்று மாதம் பார்ப்போம். எடை ஏறினால் தொடரலாம். ஏறவில்லையென்றால் ஊசியை நிறுத்திவிட்டு, உடம்பு இளைப்பதற்கு வேறென்ன காரணம் என்று தேட வேண்டும். இதை நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீர்கள். ஊசியை நிறுத்திவிடுவார் என்பது மட்டும்தான் உங்கள் காதில் ஏறியது. தேட வேண்டும் என்பது இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை.

முதல் மூன்று வாரம் என்ன சந்தோஷம். வாரத்துக்கு இரண்டு ஊசி. ஒரு நாள் காலையில் கடைக்கு வந்து நின்றீர்கள், முகமெல்லாம் பல். "தங்கச்சி, பசிக்குது" என்றீர்கள். ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி சொன்னீர்கள். நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஐந்தாவதுக்குத் தட்டை நீட்டினீர்களாம், அண்ணி திகைத்துப் போய்விட்டாராம். பசி என்றால் எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது என்று நீங்கள் சொன்னபோது நான் ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நீட்டினேன். அங்கேயே நின்று கடித்தீர்கள். முதல் மாதம் எடை நிஜமாகவே ஏறியது. டாக்டரம்மா மெஷினைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் பேசிக்கொண்டு வந்தீர்கள்.

இரண்டாவது மாதம் பசி போய்விட்டது. ஏறியது எல்லாம் இறங்கி, அதற்குக் கீழேயும் போனது. டாக்டரிடம் போவதற்கு முதல் நாள் என் கடைக்கு வந்து இரண்டு அரைக் கிலோ கல் கேட்டீர்கள். எதற்கு என்று கேட்டேன். மெஷினில் ஏறும்போது உள்ளே கட்டிக்கொள்ள என்று சொன்னீர்கள். நான் ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரசாங்க முத்திரை குத்திய கல், எடை சுத்தமாக இருக்கும் என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. டாக்டர் கை தட்டட்டும், அண்ணன் சிரிக்கட்டும், அவ்வளவுதான் என் புத்தி போனது.

நீங்கள் தொழில்காரர். கல்லோடு கல் மோதி ஓசை கேட்கக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் சட்டை தைத்தீர்கள். பனியனுக்குள் கட்டிக்கொள்ள நாலு பை வைத்து ஒரு இடுப்புப் பட்டை. அதைப் போட்டுக்கொண்டு என் கடை முன்னால் நடந்து காட்டினீர்கள். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. மாப்பிள்ளைத் தொப்பை வந்துவிட்டது என்று நான் கைகொட்டிச் சிரித்தேன். அடுத்த மாதம் இன்னும் இரண்டு கல் வாங்கிக்கொண்டு போனீர்கள். ரத்தத்தில் அணுக் கணக்கும் கொஞ்சம் ஏறியிருந்ததால் டாக்டரம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. இன்னும் மூன்று மாதம் தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தார். சாயங்காலமானால் வருகிற காய்ச்சலை நீங்கள் அவரிடம் சொல்லவில்லை. இருமலுக்குத் துணித் தூசி என்று என்னிடம் காரணம் சொன்னீர்கள்.

சிரிப்பை நிறுத்தியது அண்ணிதான். அவருக்கு இந்தக் கல் விவகாரம் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை முருங்கைக்கீரை வாங்க வந்தவர், கீரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நாத்தனாரே, உங்க அண்ணன் ஒரு கிலோ ஏறியிருக்காருன்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா தோய்க்கப் போட்ட பேண்ட்டைப் பாத்தா மறுபடியும் இடுப்பைப் பிடிச்சுத் தச்சிருக்காரு. ராத்திரி முதுகுல கை வச்சா எலும்புதான் தட்டுது. அவ்வளவு படிச்சவங்க தப்பா சொல்லுவாங்களா? எனக்குத்தான் பாக்கத் தெரியலையோ?"

அண்ணே, அவர் தன் கையை நம்பவில்லை. என் கல்லை நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எடை ஏறவில்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாரே, அந்தக் காரணத்தை இப்போது யாருமே தேடிக்கொண்டிருக்கவில்லை. அண்ணியிடம் ஒன்றும் சொல்லாமல், கீரையோடு கறிவேப்பிலையும் போட்டு அனுப்பினேன். மத்தியானம் கடையைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு நேராக உங்களிடம் வந்தேன். நீங்கள் மிஷினில் குனிந்து ஏதோ பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"என் கல்லைக் குடுங்கண்ணே."

"எதுக்கு?"

"வெங்காயம் நிறுக்க."

"அடுத்த வாரம் தரேன். செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட போகணும்ல."

"அதுக்காகத்தான் இன்னிக்கே கேக்கறேன்."

மிஷினை நிறுத்தினீர்கள். முகம் மாறிவிட்டது. "நிறுத்திருவாங்க தங்கச்சி. அந்த மூணு வாரம் எனக்குப் பசிச்சுது. நீ பாத்தீல்ல?"

"பாத்தேன். இப்ப பசிக்குதா?"

நீங்கள் நூல்கண்டை எடுத்துப் பார்த்தீர்கள்.

"பசிக்குதாண்ணே?"

"இல்ல."

"அப்ப எந்த ஊசியக் காப்பாத்திக்கிட்டிருக்கீங்க?"

அத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு கேள்வியை நான் சிரிக்காமல் இரண்டு தடவை கேட்டது அன்றைக்குத்தான். உங்களுக்குக் கோபம். கல்லைக் கொடுத்தவளே நீதானே என்றீர்கள். ஆமாம், நான்தான், அதனால்தான் வாங்க வந்திருக்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை நீங்கள். போ, வியாபாரத்தைப் பார் என்று அனுப்பிவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவும் இல்லை, நாலு சீட் தள்ளி உட்கார்ந்தீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். அப்படிச் சொன்னால் அதற்கப்புறம் என்னோடு பேசமாட்டீர்கள் என்பதும் தெரியும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உங்கள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா எடை மெஷினைக் காட்டினார். நீங்கள் அதன் மேல் ஏறவில்லை. சட்டையைத் தூக்கி, பட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து அவர் மேசையில் வைத்தீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மருந்துச் சீட்டுக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நாலும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அப்புறம்தான் மெஷினில் ஏறினீர்கள். முள் நின்ற இடத்தைப் பார்த்தேன். கல்லுக்குப் போக எவ்வளவு என்று நான் மனசில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதற்கும் கீழே இருந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். எத்தனை மாசமாக என்று கேட்டார். காய்ச்சல் உண்டா, ராத்திரி வியர்க்கிறதா, வயிறு வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் உண்டு, உண்டு என்றீர்கள். எழுதி முடித்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

"உங்க எடையப் பாத்துட்டு, ஊசி உங்களுக்குக் கேக்குதுன்னு நம்பிட்டேன். இன்னும் ரெண்டு பேருக்கு ஆரம்பிச்சிருக்கேன். ஒருத்தருக்கு நல்லா கேட்டிருக்குன்னு அவங்ககிட்ட சொல்லியும் இருக்கேன்."

எனக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நான் கொடுத்த கல் அண்ணனோடு நிற்கவில்லை, முகம் தெரியாத இரண்டு பேர் வீடு வரைக்கும் போயிருந்தது. கல் என்னோடது டாக்டர் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, தெரியுது, வெங்காயத்தோல் ஒட்டியிருக்கு என்றார். அந்த நேரத்திலும் உங்களுக்குச் சிரிப்பு வந்தது. கிளம்பும்போது நாலு கல்லையும் நான்தான் பையில் போட்டு எடுத்துவந்தேன், ஒன்றின் சட்டையை மட்டும் கழற்றவே இல்லை.

வயிற்றுக்குள் காசநோய். ஸ்கேன் எடுத்த பிறகு தெரிந்தது. நெறிக்கட்டிகளிலும் குடலிலும் பரவியிருந்தது. பெப்டைடு ஊசியை நிறுத்திவிட்டு, காசநோய் மாத்திரை ஆரம்பித்தார்கள். நிறுத்துவார்கள் என்று எதற்குப் பயந்தீர்களோ அது நடந்தது. நடந்த பிறகு நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்த இரண்டு பேரையும் பார்க்க வேண்டும் என்று மட்டும் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அவர்களிடம் நானே சொல்லிவிட்டேன், நீங்கள் வரவேண்டாம் என்றார் அவர். விடவில்லை நீங்கள். கடைசியில் அவர்களைக் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகு, ஒரு நாள் மூன்று பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தார். ஒருவர் லால்குடி, இன்னொருவர் ஜீயபுரத்தில் வாழை போடுகிறவர்.

நீங்கள் எழுந்து நின்று பேசினீர்கள். அது உங்களுக்கு வராத வேலை. "என் எடை பொய்ங்க. என்னைப் பாத்து நம்பாதீங்க. உங்க உடம்பு என்ன சொல்லுதோ, அத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க" என்றீர்கள். லால்குடிக்காரர் ஊசி வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஜீயபுரத்துக்காரர் தொடர்ந்தார். அவருக்குப் பசி வந்தது, எடை ஏறியது, நிஜ எடை. ஊசியாலா, அவர் ஒழுங்காகச் சாப்பிட்டதாலா என்று டாக்டரம்மா உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அது தெரிந்த அன்றைக்கு நீங்கள் என் கடைக்கு வந்து, நம்ம கல் இல்லாமலே அவன் ஏறிவிட்டான் தங்கச்சி என்று சொன்னீர்கள். உங்களுக்கே ஏறியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டீர்கள்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தீர்கள். காய்ச்சல் விட்டது. கொஞ்சம் தேறினீர்கள். இரண்டு பனியனில் ஒன்றைக் கழற்றினீர்கள். தெரு பார்த்தால் பார்க்கட்டும் என்றீர்கள். தெரு ஒன்றும் பெரிதாகப் பார்க்கவில்லை, தைத்த துணி எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டது. கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனீர்கள்.

மூன்று மாதம் முன்பே காசநோயைக் கண்டுபிடித்திருந்தால் இன்னும் இருந்திருப்பாரா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அதே கேள்வியை வார்டில் உங்களிடம் வேறு மாதிரி கேட்டேன், என் மேல் கோபமா என்று. ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டுப் பதில் சொன்னீர்கள்.

"குடுத்தது நீ சிரிச்சுக்கிட்டே குடுத்த. கேக்கறப்ப சிரிக்கல. அது போதும்."

போதுமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் வாய் குறையவில்லை அண்ணே. அந்த வரிசையில் இப்போதும் நான் போய் உட்கார்ந்தால் நாலு பேர் மாஸ்க்குக்குள் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். பதில் வராவிட்டால் இரண்டாம் தடவையும் கேட்கிறேன்.

போன மாதம் தொட்டியத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். எடை பார்க்கக் கூப்பிடுவதற்குள் இரண்டு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். உன் ஊரிலிருந்தே காவேரியைக் கொண்டுவந்து இங்கே நிறுக்கிறாயா, டாக்டருக்கு உன் எடை போதும் என்றேன். அவளுக்குப் புரையேறிவிட்டது, அப்படிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"எவ்வளவும்மா குறைஞ்சிருக்கு?"

பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"பாவாடை நாடா ரெண்டு முடிச்சு உள்ள போயிருச்சுக்கா. சொன்னா திட்டுவாங்களோன்னு."

"திட்ட மாட்டாங்க. தேடுவாங்க. வா, நானும் உள்ள வரேன்."

பாத்ரூம் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினாள். என் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பிடித்துக்கொண்டால் எடை தப்பாகக் காட்டும் என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றேன்.